பாத்தியா அக்காவின் ஈரக் கைக்குட்டை

சின்னவனின் அண்ணிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கம்பெனி வருகைப் பதிவேட்டைத் தவிர அது எங்கும் புழக்கத்தில் இல்லை. எல்லாருக்கும் அவள் 'பாத்தியா அக்கா'. யார் எதைச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது "கண்ணால பாத்தியா?" என்பதுதான். கம்ப்ரசர் ஓடுகிறது என்று மெக்கானிக் சொன்னாலும் அதே கேள்வி, அடுப்பை அணைத்துவிட்டேன் என்று வீட்டில் புருஷன் சொன்னாலும் அதே கேள்வி. புருஷன் பஸ் டிரைவர், நல்ல பொறுமைசாலி. "பாத்தேன் தாயே, தொட்டும் பாத்தேன், கையும் சுட்டுது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த டிரைவரின் தம்பிதான் சின்னவன். வயது நாற்பத்திரண்டு, தலையில் பாதி நரைத்தாயிற்று, ஆனாலும் வீட்டில் அவன் சின்னவன்தான். அண்ணி வேலை பார்க்கும் அதே கம்பெனியில் மெக்கானிக். கடைகள், ஆஸ்பத்திரிகள், ஆபீஸ்கள் இவற்றின் மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்குமே, ஒரு மினி வேன் அளவுக்குத் தகரப் பெட்டி, அந்த ஏசி யூனிட்களை ஏற்றி வைத்து, கண்ட்ரோல் பெட்டியை இணைத்து, முதல் தடவையாக ஓட்டிக் கொடுப்பது இவர்கள் வேலை. ஓட்டி முடித்ததும் ஸ்டார்ட்-அப் ஷீட் என்று ஒரு தாளை நிரப்ப வேண்டும். நாற்பத்தொரு கட்டம். மின்சாரம் எவ்வளவு, கேஸ் அழுத்தம் எவ்வளவு, காற்று எத்தனை டிகிரியில் வருகிறது, எந்த அறையின் சென்சாருக்கு எந்த யூனிட் பதில் சொல்கிறது என்று ஒவ்வொன்றையும் பார்த்து எழுதி, கீழே கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் போடும் அதிகாரம் இன்று கம்பெனியில் அண்ணிக்கு உண்டு. அவள் அதை எப்படிச் சம்பாதித்தாள் என்பதைச் சொல்லாமல் போனால் என் வாய் சும்மா இருக்காது.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் சேர்ந்தது ஆபீஸில். மெக்கானிக்குகள் கிறுக்கிக் கொண்டுவரும் ஷீட்களைக் கம்ப்யூட்டரில் அடிக்கிற வேலை. மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், பதினாலு ஷீட்களைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"பதினாலு கட்டடம். ஒண்ணு கடலோரம், ஒண்ணு மலை மேல. ஒண்ணு மழைக்காலத்துல ஓட்டினது, ஒண்ணு கோடையில. எல்லாத்துலயும் காத்து பதிமூணு புள்ளி ரெண்டா?"

"கட்டடம்தானேக்கா வேற வேற? காத்து ஒண்ணுதானே!" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

"இதை யாராவது கண்ணால பாத்தீங்களா?"

சிரிப்பு நின்றது. பார்த்தால்தானே சொல்வதற்கு? வெயிலில் எவன் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியது அத்தனையும். சோம்பேறிகளுக்கு ஒற்றுமை மட்டும் எப்போதும் குறைவதில்லை. அவர்களில் மூத்தவர் எரிச்சலோடு, "அவ்வளவு அக்கறையா இருந்தா நீங்களே ஏறிப் பாக்க வேண்டியதுதானே?" என்றார்.

"சரி" என்றாள் அண்ணி. மறுநாள் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்தாள்.

அந்தப் பதினாலில் ஆறு ஷீட் சின்னவன் கையெழுத்தில் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? வீட்டு மளிகைப் பட்டியலை எழுதுகிறவனே அவன்தான். ஆனால் அன்றும் சரி, அப்புறமும் சரி, அண்ணனிடம்கூட அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும் என்று சின்னவன் பலநாள் நினைத்துக்கொண்டதுண்டு.

இரண்டு வருஷம் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படித்துப் பரீட்சை எழுதித் தேறினாள். பன்னிரண்டு வருஷமாகக் கையெழுத்து அவளுடையது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஓட்டிய யூனிட்கள் நானூற்றுச் சொச்சம். ஒன்றுகூட முதல் வருஷத்தில் பழுதாகவில்லை. சும்மா சொல்லக்கூடாது, வேலை என்றால் அது வேலை.

கம்ப்ரசரின் எண்ணெய் இருபத்துநாலு மணி நேரம் சூடேறாமல் அவள் பட்டனைத் தொடமாட்டாள். ஒரு ஹோட்டல்காரர் திறப்பு விழா தேதியைச் சொல்லிக் குதித்தார். "எண்ணெய் கெட்டியா இருக்கு சார். நீங்க படுக்கையிலேர்ந்து எழுந்த உடனே மாடிப்படியில ஓடுவீங்களா?" என்று கேட்டாள். அவர் கொஞ்சம் கனத்த உடம்புக்காரர், குதிப்பதை விட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் இரண்டு கம்பி இடம் மாறினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும், காற்று வருவதுபோலவே இருக்கும், குளிராது. அதனால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்க்காமல் விடமாட்டாள். முறுக்கிய ஒவ்வொரு ஸ்க்ரூவின் மேலும் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு கோடு இழுப்பாள். யாராவது பிறகு கைவைத்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றையும்விட அவள் பெயர் பெற்றது கைக்குட்டையால்தான். கீழே அறையில் சுவரில் இருக்கும் சென்சார்தான் மேலே இருக்கும் யூனிட்டுக்குக் கண்ணும் காதும். அறை சூடு என்று அது சொன்னால் யூனிட் ஓடும், குளிர்ந்துவிட்டது என்றால் நிற்கும். எந்தச் சென்சார் எந்த யூனிட்டிடம் பேசுகிறது என்பதை எல்லாரும் வரைபடத்தில் பார்ப்பார்கள். அண்ணி கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து சென்சாரின் தலையில் போடுவாள். இரண்டு நிமிஷத்தில் அது ஏமாந்து "குளிருது குளிருது" என்று சொல்லிவிடும். மேலே ஒரு யூனிட் நிற்கும். எது நின்றது என்று மாடியில் இருக்கும் சின்னவன் போனில் சொல்வான். சரியாக இருந்தால், மூடியைக் கழற்றி, அதன் பின்னால் சுவரில் பென்சிலால் ஏதோ எழுதிவிட்டுத் திரும்ப மூடுவாள். "என்ன அண்ணி கிறுக்குறீங்க?" என்று ஒருமுறை கேட்டான். "அடுத்து வர்றவனுக்குக் கடுதாசி. உனக்கென்ன?" என்றாள்.

இப்போது கதைக்கு வருவோம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாலு மாடிக் கட்டடம். அதில் முதல் மாடி ஒரே பெரிய கூடம், நடுவில் பலகைத் தடுப்பு. ஒரு பக்கம் சிறுநீரகக்காரர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் சிகிச்சை மையம் வரப்போகிறது, பன்னிரண்டு நாற்காலி. மறுபக்கம் சீருடை தைக்கும் கூடம், முப்பது மெஷின், எட்டு இஸ்திரிப் பெட்டி. மையத்துக்கு ஒன்றாம் நம்பர் யூனிட், தையல் கூடத்துக்கு இரண்டாம் நம்பர். சென்சார்கள் இரண்டும் அந்தத் தடுப்பின் ஒரே பலகையில், முதுகோடு முதுகாக, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி. அன்று கூடம் காலி, லிஃப்ட் ஓடவில்லை. வெயிலோ மண்டையைப் பிளந்தது.

சின்னவன் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தான். யூனிட்கள் இருபதடி தள்ளி, தொட்டிக்கு அந்தப்பக்கம். எழுந்து போனால்தான் தெரியும்.

"ஒண்ணுல துணி போட்டிருக்கேன்" என்றாள் அண்ணி போனில். கொஞ்ச நேரத்தில் ஒரு கம்ப்ரசரின் சத்தம் அடங்கியது.

"ஒண்ணு நின்னுடுச்சு அண்ணி."

"சரி. இப்ப ரெண்டு." மறுபடி ஒரு சத்தம் அடங்கியது.

"ரெண்டு நின்னுடுச்சு."

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி."

பாவி, நிழலைவிட்டு எழவேயில்லை. அவள் சொன்ன எண்ணை அவளுக்கே திருப்பிக் கொடுத்தான். பதினாலு வருஷம் அவள் கூடவே ஏறி இறங்கியும் டீக்கடை பெஞ்சு அவனைவிட்டுப் போகவில்லை. சற்று நேரத்தில் அண்ணியே மூச்சிரைக்க மாடிக்கு வந்து நின்றாள். "முகம் கழுவ வந்தேன்" என்று குழாயைத் திறந்தாள், முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள், திரும்ப இறங்கிப் போனாள். சாயங்காலம் ஷீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வாரத்தில் மையமும் தையல் கூடமும் குடிவந்தன. அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. மையத்தில் நோயாளிகள் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினார்கள். உடம்பின் ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வருகிறவர்களுக்கு ஏற்கெனவே குளிரும், இதில் பதினேழு டிகிரி. பெரிய நர்ஸ் சுவர்ச் சென்சாரில் இருந்த பட்டனில் குளிரைக் குறைத்தாள். அவ்வளவுதான், பக்கத்துக் கூடத்தில் வேர்த்துக் கொட்டியது. தையல் மாஸ்டர் தன் பக்கப் பட்டனில் குளிரைக் கூட்டினார். இங்கே நோயாளிகளுக்கு இரண்டாவது கம்பளி தேவைப்பட்டது. இவள் குறைக்க, அவர் கூட்ட, ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் படிக்கட்டில் நின்றுகொண்டு ஒருவர் பரம்பரையை ஒருவர் விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

கம்பெனி ஆட்கள் மூன்று தடவை போனார்கள். மாடியில் எல்லாம் சரியாகவே இருந்தது. நாலாவது தடவை போனவன்தான் கண்டுபிடித்தான். மையத்துச் சென்சாரைத் தொட்டால் தையல் கூடத்து யூனிட் பதில் சொல்கிறது, தையல் கூடத்தில் தொட்டால் மையத்து யூனிட். மாடியில் ஸ்க்ரூக்களின் மேல் சிவப்புக் கோடு ஒன்றுகூட விலகவில்லை. அப்படியென்றால் கம்பியை யாரும் மாற்றவில்லை, முதல் நாளிலிருந்தே இப்படித்தான். அண்ணியின் நகப்பாலிஷே அண்ணிக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? "ஊருக்குத்தான் உபதேசம்!" என்றார் மூத்த மெக்கானிக். "கண்ணால பாத்தீங்களாக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேனேஜர் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் பேசினார். யானைக்கும் அடி சறுக்கும் என்றார். ஆனால் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஒருவரிடம் அந்த அதிகாரத்தை விட்டுவைக்க முடியாது, திங்கட்கிழமையிலிருந்து பழையபடி ஷீட் அடிக்கிற நாற்காலிக்கே போங்கள் என்றார்.

"சரி சார். அதுவரைக்கும் அங்க கம்பியை யாரும் தொடக்கூடாது. நான் ஒரு தடவை பாக்கணும்" என்றாள் அண்ணி.

சின்னவனுக்கு அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவனுக்கு அது நெஞ்சில் உட்கார்ந்து சம்மட்டி அடித்தது. அவன் அன்று எழுந்து இருபதடி நடந்திருந்தால் கம்பி மாறியிருப்பது அன்றே தெரிந்திருக்கும். அண்ணியோ வழக்கம்போலக் காலையில் ஷூ மாட்டினாள், புருஷனிடம் அடுப்பைக் கேட்டாள், கிளம்பினாள். அவள் சாதாரணமாக இருக்க இருக்க இவனுக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் அந்த மாடியில் நின்றார்கள். அண்ணி கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் விலகவில்லை. அவள் பெட்டியை மூடியபோது சின்னவனுக்குத் தாங்கவில்லை.

"அண்ணி, அன்னிக்கு நான் பாக்கல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தொட்டி நிழல்ல உக்காந்துட்டே சொல்லிட்டேன். ரெண்டையும் பாக்கல. தப்பு என்னோடது. இப்பவே மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன். உங்க கையெழுத்து போகக்கூடாது அண்ணி." சொல்லும்போதே நாற்பத்திரண்டு வயது ஆம்பளைக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"சரி. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்க. கீழ போலாம்" என்றாள்.

கோபமா, வெறுப்பா, ஒன்றும் புரியவில்லை அவனுக்கு. பின்னாலேயே இறங்கினான்.

மையத்தில் பன்னிரண்டு நாற்காலியிலும் ஆள் இருந்தது. கடைசி நாற்காலியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், மூன்று கம்பளி, காதை மூடிய குல்லா. "வாங்கம்மா. பனிக்கரடியைப் பாக்க வடதுருவத்துக்குப் போக வேண்டாம், இங்கயே இருக்கேன்" என்றார். அவர் கையைத் தொட்டுப் பார்த்த அண்ணியின் முகம் சுருங்கியது. அவர் பக்கத்தில் காலியாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து தடுப்பையே பார்த்தாள். பிறகு பார்வை தரைக்கு இறங்கியது. தடுப்பின் அடியிலிருந்து ஒரு கை அகலம் இந்தப் பக்கமாக, தரையில் வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். ஸ்க்ரூ ஓட்டைகள், மாவு வைத்து அடைத்தது.

"சிஸ்டர், இந்தத் தடுப்பு நகந்திருக்கா?"

"ஆமாக்கா, குடிவர்றதுக்கு முன்னாடி நகத்தினோம்" என்றாள் பெரிய நர்ஸ். "நாற்காலி பன்னெண்டும் உள்ள வரல. ஒரு கை அகலம் தள்ளிப் போடச் சொன்னோம். தச்சர் ஒரே நாள்ல பலகையெல்லாம் கழட்டித் திரும்ப மாட்டிட்டாரு. கம்பி எதையும் அறுக்கல, அப்படியே தூக்கிப் பிடிச்சு மாட்டினாரு. ஏன்?"

"சின்னவனே, இந்தச் சென்சாரைக் கழட்டு."

மூடியைக் கழற்றினான். பின்னால் பலகையில் பென்சில் எழுத்து, அண்ணியின் கையெழுத்து. முதலில் கண்ணில் பட்டது எண்தான். பெரிதாக, வட்டம் போட்டு, இரண்டு.

தையல் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய இரண்டு. தச்சர் பலகையை முன்பின் திருப்பி மாட்டியிருக்கிறார். கம்பி மாறவில்லை, ஸ்க்ரூ மாறவில்லை, சுவரே திரும்பி நின்றுகொண்டது. தையல் கூடத்தின் இஸ்திரிச் சூட்டைப் பார்த்து ஒன்றாம் யூனிட் இந்த நோயாளிகளை உறைய வைத்திருக்கிறது. இவர்கள் நடுங்குவதைப் பார்த்து இரண்டாம் யூனிட் அங்கே ஓடாமல் நின்றிருக்கிறது.

அப்படியானால் அன்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது! சின்னவனுக்கு உயிர் வந்தது. மூச்சை விட்டுவிட்டு, எண்ணுக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தான்.

'மதியம் 2:40. ஈரத்துணியைச் சென்சார் மேல் விட்டுவிட்டு மாடிக்குப் போனேன். இரண்டு நின்றிருந்தது, ஒன்று ஓடியது. நானே பார்த்தேன்.'

அவன் இரண்டாம் தடவை படித்தான். முகம் கழுவ வந்தாளே, அது முகம் கழுவ இல்லை. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் அந்த வெயிலில் அத்தனை படி ஏறி வந்தது, அவன் சொன்ன 'பாத்தேன்' போனிலேயே அவளுக்குப் பொய் என்று தெரிந்ததால். இத்தனை நாளும் ஆபீஸில் கேலி பேசினார்களே, "நான் மேலே போய்ப் பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? மாடியில் ஆள் இருக்கும்போது நீங்கள் ஏன் ஏறினீர்கள் என்பதுதானே? கூசிப்போய் நின்றான்.

"ஏன் அண்ணி சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல? அன்னிக்குச் சரியா இருந்துச்சு, அது தெரியும். அப்புறம் என்ன ஆச்சுன்னு நான் பாத்தேனா? பாக்காததை எப்படிச் சொல்றது?" என்றாள். அவன் கேட்டது அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும், அதற்குப் பதில் சொல்லும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

மேனேஜர் அரை மணியில் வந்து சேர்ந்தார். குனிந்து படித்தார், போனில் படம் எடுத்தார், இன்னொரு தடவை படித்தார். "மன்னிச்சுக்கங்க. நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆமா, தம்பிதான் மேல இருந்தாரே? நீங்க எதுக்கு ஏறிப் போனீங்க?"

"முகம் கழுவ."

"இல்ல சார், அன்னிக்கு நான்..." என்று சின்னவன் ஆரம்பித்தான்.

"நீ மேல போ. ரெண்டு சென்சார் கம்பியையும் இடம் மாத்திப் போடு. நோயாளிங்க நடுங்கிட்டு இருக்காங்க, இங்க நின்னு பேச்சு என்ன?" என்று அண்ணி அதட்டினாள். மேனேஜரே ஒரு அடி பின்வாங்கினார்.

சின்னவன் கம்பிகளை மாற்றினான், முறுக்கினான், அவள் கொடுத்தனுப்பிய நகப்பாலிஷால் கோடு இழுத்தான். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. போன் அடித்தது.

"மையத்துப் பட்டன்ல குளிரைக் கூட்டி ஓட விட்டுட்டு, சென்சார்ல துணி போட்டிருக்கேன். ஒண்ணு நிக்கணும்."

"இருங்க அண்ணி." அவன் இரண்டு யூனிட்டுக்கும் நடுவில் போய் நின்றான். வெயில் பிடரியில் அடித்தது. ஒன்றாம் நம்பரின் மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் வேகம் குறைந்து, இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்து, நின்றது. குனிந்து தகட்டில் எழுதியிருந்த எண்ணைப் படித்தான். திரும்பி இரண்டாம் நம்பரைப் பார்த்தான். அது ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு நின்னுடுச்சு. ரெண்டு ஓடுது."

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி."

போனில் பின்னணியில் கணக்கு வாத்தியார், "சிஸ்டர், ஒரு கம்பளியை எடுத்துடுங்க" என்று சொல்வது கேட்டது.

"சரி" என்றாள் அண்ணி. போனை வைத்துவிட்டாள்.

சின்னவன் அங்கேயே நின்றான். தண்ணீர்த் தொட்டியின் நிழல் பக்கத்திலேயே இருந்தும் அதற்குப் போகவில்லை. படிக்கட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷமும் ஆயிற்று. யாரும் ஏறி வரவில்லை.

அவன் கீழே இறங்கிப் போனபோது, புது ஷீட்டில் கையெழுத்துப் போட்டு மை காய்ந்திருந்தது. அண்ணி சுவரில் பென்சிலால் எழுதி முடித்துவிட்டு, மூடியை அவன் கையில் கொடுத்து மாட்டச் சொன்னாள். மாட்டுவதற்கு முன் அவன் படித்தான்.

'ஒன்று நின்றது, இரண்டு ஓடியது. சின்னவன் பார்த்தான்.'